வீடு வாங்கப் போகிறீர்களா? முதலில் இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள்!

வெண்டைக்காய் வாங்கினால் நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். புடவை எடுத்தால் வெளிச்சத்தில் பிரித்துப் பார்க்கிறோம். ஆயுள் முழுக்கச் சேர்த்த பணத்தைக் கொட்டி வீடு வாங்கும்போது மட்டும், புதுப் பெயிண்டையும் வாசல் திசையையும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்து விடுகிறோம்! பத்திரம் பார்க்க வக்கீல் உண்டு. வாஸ்து பார்க்க ஜோசியர் உண்டு. கட்டடத்தைப் பார்க்க?

அதற்கும் ஆள் உண்டு, சகோதரிகளே! அனுபவமுள்ள சிவில் இன்ஜினீயர்தான் அவர். அமெரிக்காவில் வீடு வாங்குகிறவர்கள், முழுப் பணமும் கொடுக்குமுன் இதற்கென்றே பயின்ற ஆய்வாளரை வைத்துக் கூரை முதல் சாக்கடை வரை சோதித்து, எழுத்தில் வாங்கிக்கொள்வது சகஜம். சென்னை போன்ற நகரங்களில் இப்போது இதற்கென நிறுவனங்களே இருக்கின்றன. எங்கள் குத்தாலம் மாதிரி ஊர்களில் ஒரு நல்ல கட்டட இன்ஜினீயரைக் கேட்டால் போதும்.

போன வருஷம் என் தங்கை இங்கே ஒரு பழைய வீடு பார்த்தாள். திண்ணை, கூடம், முற்றம், கொல்லையில் கிணறு என்று லட்சணமான வீடு. அவள் கணவர் சிங்கப்பூரில் பன்னிரண்டு வருஷம் உழைத்துச் சேர்த்த பணம். "இன்னொரு பார்ட்டி நாளைக்கே கொடுக்கத் தயாரா இருக்காங்க" என்று தரகர் வேறு அவசரப்படுத்தினார்.

"ஒரு நாள் பொறுடி. இன்ஜினீயர் பார்க்கட்டும்" என்றேன் நான்.

விற்பவருக்குக் கோபம். "எங்க தாத்தா கட்டின வீட்டையா சந்தேகப்படறீங்க?"

"சந்தேகமில்லீங்க. பொண்ணு பார்க்க வர்றவங்க நாலு இடத்துல விசாரிக்கறதில்லையா?" என்றதும் சிரித்துவிட்டுச் சம்மதித்தார்.

மயிலாடுதுறையிலிருந்து ஓய்வு பெற்ற இன்ஜினீயர் ஒருவர் வந்தார். மூன்று மணி நேரம் பார்த்தார். கூடத்துச் சுவரில் மூன்றடி உயரத்துக்கு ஈரம். மேலே பெயிண்ட் பூசி மறைத்திருந்தது. "இது மழைத் தண்ணி இல்லேம்மா. அஸ்திவாரத்துலேருந்து செங்கல் உறிஞ்சி ஏத்தற தண்ணி. எத்தனை தடவை பெயிண்ட் அடிச்சாலும் உப்புப் பூக்கும்" என்றார். காவிரிக் கரையில் இருக்கும் நமக்கு இது புதிதா? ஆற்றில் தண்ணீர் வந்தால் கிணற்றில் ஊற்று ஏறும். சுவரிலும் ஏறத்தான் செய்யும்.

மேல்தளம் மெட்ராஸ் டெரஸ். மரக் கட்டைகளின் மேல் செங்கல்லை நிறுத்திவைத்துச் சுண்ணாம்புக் கலவையால் கட்டிய பழைய காலத்துத் தளம். கட்டைகள் வார்னிஷ் பூசிப் பளபளவென்று இருந்தன. அவரோ, சுவருக்குள் நுழையும் முனைகளை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தார். மூன்று இடங்களில் அது வெந்த கிழங்கில் இறங்குவது போல் இறங்கிற்று! ஈரமும் கரையானும் சேர்ந்து செய்த வேலை. அதற்கு நேர் கீழேதான் குழந்தைகளுக்குக் கட்டில் போடலாமென்று என் தங்கை இடம் பார்த்து வைத்திருந்தாள்.

கட்டைகளை மாற்ற, ஈரத்தைத் தடுக்க, ஒயரிங்கைப் புதுப்பிக்க நாலரை லட்சம் ஆகுமென்று எழுதிக் கொடுத்தார். அவர் வாங்கிய ஃபீஸ் ஆறாயிரம் ரூபாய். அந்தத் தாளைக் காட்டிப் பேசியதில் விலையில் மூன்று லட்சம் குறைந்தது. கட்டைகளை மாற்றிய பிறகே குடி போனார்கள்.

நாமும் பார்க்கலாம்

இன்ஜினீயர் வருமுன் நம் கண்ணுக்கே தெரியக்கூடியவை சில:

1. பூச்சில் மயிரிழை போன்ற விரிசலுக்குப் பெரும்பாலும் பயப்பட வேண்டாம். கதவு, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் அகலமான விரிசல்தான் கவலைக்குரியது. களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். அஸ்திவாரமும் அசைந்து கொடுக்கும். விரிசலின் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டி வைப்பார்கள். அது உடைந்தால் விரிசல் வளர்கிறது என்று அர்த்தம்.

2. கான்கிரீட் தளத்தின் அடியில் துருக் கறை, பெயர்ந்த துண்டுகள் தெரிகின்றனவா? துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு கான்கிரீட்டையே பிளந்துவிடும்.

3. நிலைப்படியிலும் அலமாரியின் பின்புறத்திலும் கரையானின் மண் கோடுகள் உண்டா?

4. கிணறு, செப்டிக் டேங்கிலிருந்து 60 அடியாவது தள்ளி இருக்கிறதா? கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இதை விட்டுவிடவே கூடாது.

5. எர்த் சரியாக இருக்கிறதா? ஷாக் அடித்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா?

வீடு பார்க்க ஏற்ற காலம் ஐப்பசி, கார்த்திகை. நல்ல மழை பெய்த மறுநாள் போனால் ஒழுகலும் ஈரமும் ஒளிய முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

தனக்குத் தெரிந்த, வாங்குபவரால் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறையை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. ஆனால் கவனமாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் குறைக்கு இந்தப் பிரிவு துணைக்கு வராது. பார்ப்பது நம் பொறுப்பு! பதிவு செய்யப்பட்ட புதுக் குடியிருப்புத் திட்டமானால், ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையைக் கட்டியவரே செலவின்றிச் சரிசெய்ய வேண்டும் என்று 2016ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம் சொல்கிறது. தனி ஒருவரிடம் வாங்கும் பழைய வீட்டுக்கு இது பொருந்தாது.

புதுக் கட்டடமானால் பயமில்லை என்றும் நினைக்காதீர்கள். சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று, கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழையில் இடிந்து விழுந்து 61 பேர் இறந்தார்கள்.

இன்னொரு விஷயம். நம் பக்கத்தில் சில இடங்களில் மனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தம். கட்டடம் மட்டுமே விற்பவருடையது. இதை இன்ஜினீயர் சொல்ல மாட்டார். வில்லங்கச் சான்றும் மூலப்பத்திரமும் வக்கீல் கையில் இருக்கட்டும்.

தரகரோ விற்பவரோ அழைத்து வரும் இன்ஜினீயர் வேண்டாம். நீங்களே தேடி, நீங்களே ஃபீஸ் கொடுத்து, கூடவே நடந்து, அறிக்கையைக் கையெழுத்தோடு வாங்குங்கள். அத்தனையும் அட்வான்ஸ் கொடுக்குமுன் நடக்கட்டும். கொடுத்த பிறகு பார்த்தால் அது சோதனை இல்லை, வேதனை!