நின்ற கால் ஓடும்போது

காவலர் உடற்தகுதித் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்திலும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியிலும் ஓடி முடிக்க வேண்டும். ஓசூர் சிப்காட்டில் காண்ட்ராக்ட் வேலையில் இருக்கும் பிள்ளைகள் பலருக்கும் காவலராகும் கனவு உண்டு. ஷிப்ட் முடிந்ததும் நேரே மைதானத்துக்கு வருகிறார்கள். எட்டு மணி நேரம் லைனில் நின்ற கால்கள் அவை. மூன்றாம் நாள் படியிறங்க முடியாமல் மருந்துக்கடையில் நின்று, "கால்வலிக்கு மாத்திரை குடுங்கண்ணா" என்கிறார்கள். என் கவலை அந்த மாத்திரையைப் பற்றித்தான்.

பழக்கமில்லாத தசையின் இழைகளில் ஓட்டம் மிக நுண்ணிய சிதைவுகளை உண்டாக்குகிறது. ஓடிய மறுநாள் தலைகாட்டும் வலி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் தானே அடங்கும். லாக்டிக் அமிலம் தேங்கியதால் வந்த வலி என்பார்கள். ஆனால் அந்த அமிலம் ஓடி முடித்த ஓரிரு மணி நேரத்திலேயே வடிந்துவிடும். இந்த நாட்களில் மெதுவான நடை, வெந்நீர் ஒத்தடம், லேசாக எண்ணெய் தேய்த்து நீவுவது, தண்ணீர், எல்லாவற்றுக்கும் மேலாகத் தூக்கம் போதும். காலை இழுத்து நீட்டுவது இதமாக இருக்கலாம், வலியைப் பெரிதாகக் குறைக்காது. புதிதாகத் தொடங்குபவர் ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடக்கலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடலாம். சேஃப்டி ஷூவோடு மட்டும் ஓடாதீர்கள். ஓசூர்க் காலைக் குளிரில் பத்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

எல்லா வலியும் இப்படி அடங்காது. கணைக்கால் எலும்பில் விரல் வைத்துக் காட்டுமளவு ஒரே புள்ளியில் வலித்தாலோ, படுத்திருக்கும்போதும் குடைந்தாலோ, எலும்பில் விரிசல் இருக்கலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் இரத்தக்கட்டியாக இருக்க வாய்ப்புண்டு. சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குவதாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். போக வழியில்லையென்றால் 108-ஐ அழையுங்கள்.

டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை வெறும் வயிற்றில், வியர்த்து நீர் வற்றிய உடம்போடு தொடர்ந்து விழுங்கினால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகமும் பழுதாகலாம். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. ஊசி போடுகிறோம் என்று சொன்னால் அந்த மருந்தின் பெயரைக் கேளுங்கள்; கேட்பது உங்கள் உரிமை. மருந்துக்கு பில் வாங்குங்கள். தவறு நடந்தால் அதுதான் சாட்சி, நுகர்வோர் உதவி எண் 1915.

பலர் அறியாத ஒன்று இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீடு. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் காண்ட்ராக்ட் தொழிலாளியும் அதற்குள் வருவார். வேலையால் வந்த நோயா, ஓடியதால் வந்ததா என்று நோய்க்கால உதவித்தொகை பார்ப்பதில்லை. உரிய பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டப்பட்டிருந்தால், ஊதியத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதற்கு இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்று வேண்டும். அதனால் தனியார் கிளினிக்கில் காசைக் கரைப்பதற்கு முன் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போங்கள்.

பாகலூர் சாலைக் கடைகளில் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்கும் ஓர் உரிமை இருக்கிறது. 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் செய்த திருத்தம், ஊழியர் அனைவருக்கும் இருக்கை தரச் சொல்கிறது. மாலையில் ஓட நினைக்கும் பெண்ணுக்கு அந்த நாற்காலியும் மருந்துதான். மறுக்கும் கடையைப் பற்றித் தொழிலாளர் துறையில் புகார் தரலாம்.

இன்றே சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். இ.எஸ்.ஐ. பெயரில் 0.75 சதவீதம் பிடித்திருந்தும் உங்கள் கையில் காப்பீட்டு எண் இல்லையென்றால், அந்தச் சீட்டோடு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள்.