வயர் இல்லாத கீபோர்டும் மவுஸும்: வாங்குமுன் தெரிந்துகொள்வோம்



பிள்ளைகள் சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தையும் ஒரு பாடமாகப் படிக்கிறார்கள். அதனால் லயத்து வீடுகளுக்கும் கணனி வரத் தொடங்கியிருக்கிறது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டு வன்னியில் போய்க் குடியேறிய நம்ம சொந்தங்கள் வீட்டிலும் இதே நிலைதான். "வயர் இல்லாதது வாங்கித் தாங்க" என்று பிள்ளை கேட்டால் என்ன செய்வது?

எப்படி வேலை செய்கிறது?

கீபோர்டுக்குள்ளும் மவுஸுக்குள்ளும் சின்ன ரேடியோ கருவி இருக்கிறது. அதற்குப் பெட்டரி வேண்டும். அது அனுப்பும் அலையை, கணனியில் செருகும் நகத்தளவு ரிசீவர் வாங்கிக்கொள்கிறது. பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் வேலை செய்பவை. வைஃபையும் இதே அலையைப் பாவிக்கிறது.

ரிசீவர்தான் உயிர்

பொதுவாக ஒரு செட்டின் ரிசீவர் இன்னொரு செட்டுக்குச் சேராது. அது தொலைந்தால் இரண்டுமே வீணாகலாம். தோட்டத்திலிருந்து ஹட்டனுக்கோ, துணுக்காயிலிருந்து வவுனியாவுக்கோ கடை தேடிப் போனால் ஒரு நாள் பேர் போய்விடும். கழற்றினால் மவுஸின் அடியிலோ பெட்டரி அறையிலோ உள்ள குழியில் வையுங்கள். குழி இல்லாவிட்டால் ஒரு டப்பாவில் போடுங்கள். கைக்குழந்தை வாயில் போட்டுவிடும், கவனம்!

வேலை செய்யாவிட்டால்

1. அடியில் உள்ள சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

2. பெட்டரியின் கூட்டல், கழித்தல் பக்கம் சரியா? பழையதையும் புதியதையும் கலந்து போடாதீர்கள்.

3. ரிசீவரை வேறு துளையில் செருகுங்கள். உள்ளே நீல நிறமுள்ள வேகமான யூ.எஸ்.பி. துளை சில நேரம் இந்த அலையைக் குழப்பும். கணனிப் பெட்டியின் பின்பக்கத்தை விட முன்பக்கம் நல்லது.

4. மவுஸ் அம்பு துள்ளுகிறதா? கண்ணாடியிலும் பளபளக்கும் மேசையிலும் அப்படித்தான். அடியில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். சிவப்பு வெளிச்சம் தெரியவில்லை என்று தூக்கிப்போட வேண்டாம். சில மவுஸின் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது.

விடுமுறையில் பாவிக்காமல் வைப்பதென்றால் பெட்டரியைக் கழற்றுங்கள். அது கசிந்தால் உள்ளே உள்ள தகடு அரித்துப் போகும். தீர்ந்த பெட்டரியை அடுப்பில் போடவே கூடாது, வெடிக்கும்.

வங்கிக் கணக்கு கவனம்

சில மலிவான கீபோர்டுகள் நாம் தட்டும் எழுத்தை மறைக்காமல் அப்படியே காற்றில் அனுப்புகின்றன. 2016இல் அமெரிக்காவின் பாஸ்டில் நிறுவனம் எட்டுக் கம்பெனிகளின் கீபோர்டுகளில் இந்தக் குறையைக் காட்டியது. பக்கத்திலிருந்து ஒருவர் அதைப் பிடித்துப் படிக்க முடியும். பெட்டியில் 'ஏ.ஈ.எஸ்.' என்று போட்டிருந்தால் எழுத்தை மறைத்து அனுப்புகிறது என்று அர்த்தம். சந்தேகம் இருந்தால் வங்கி இரகசிய எண்ணை வயர் கீபோர்டில் தட்டுங்கள்.

எது நமக்கு நல்லது?

பிள்ளையின் படிப்புக்கு வயர் உள்ளதே போதும். விலை குறைவு, பெட்டரிச் செலவு இல்லை, ரிசீவர் தொலையும் கவலையும் இல்லை. மேசை சிறியது, தூர இருந்து பாவிக்க வேண்டும் என்றால் மட்டும் வயர் இல்லாததை வாங்குங்கள். எதை வாங்கினாலும் பில்லும் கெரண்டிக் கார்டும் கேட்டு வாங்குங்கள். கையில் இருக்கும் பழைய வயர் கீபோர்டை எறிந்துவிடாதீர்கள். பரீட்சைக்கு முதல் நாள் பெட்டரி தீர்ந்தால் அதுதான் கைகொடுக்கும்.