சிம்லிங்க்கைத் தொட்டால் எந்த ஃபைல் மாறும்?

போன எபிசோடில் ஃபைல் பெர்மிஷன் பற்றிப் பேசினோம். இன்னைக்கு அதில் நான் மாட்டிக்கிட்ட கதை.

வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஒரு லினக்ஸ் சர்வர்ல, என் ஃபோல்டரில் ஒரு கான்ஃபிக் ஃபைல் இருந்தது. வேற யாரும் படிக்கக் கூடாதுன்னு சூடோ போட்டு சிஹெச்மாட் 600 அடிச்சேன். அன்னைக்கு ராத்திரி சர்வீஸ் ரீஸ்டார்ட் ஆச்சு, ஆனா எழுந்திருக்கவே இல்லை. ஏன்னா நான் தொட்டது ஃபைல் இல்லை, சிம்லிங்க்.

சிம்லிங்க் என்பது இன்னொரு ஃபைலின் பாதையை எழுதி வைத்திருக்கும் ஒரு சீட்டு. சிஹெச்மாட் அந்தச் சீட்டை மாற்றாது. அது காட்டும் நிஜ ஃபைலைப் போய் மாற்றும். லினக்ஸில் லிங்க்குக்கு எப்போதும் 777 என்றுதான் காட்டும், அதை யாரும் மதிப்பதில்லை. ஓனர் விஷயம் வேற: லிங்க்குக்குத் தனி ஓனர் உண்டு. சிஹெச்ஓன் சும்மா போட்டால் நிஜ ஃபைலின் ஓனர் மாறும். லிங்க்கின் ஓனரை மட்டும் மாற்ற மைனஸ் எச் சேர்க்கணும்.

இதைவிடச் சிக்கலான இடம் ஒன்று இருக்கு. "இந்த ஃபைலை யாரும் மாற்றக் கூடாது" என்று பூட்டுவது மாதிரியான அடையாளங்களை சிஹெச்அட்டர் போடும். அதுக்கு முதலில் ஃபைலைத் திறக்கணும். சிம்லிங்க்கைத் திறந்தால் வேற ஃபைலுக்குப் போயிடும். பைப்பைப் படிக்கத் திறந்தால், மறுபக்கம் யாராவது எழுத வரும்வரை காத்துக்கிட்டே நிற்கும். டிவைஸ் ஃபைலைத் திறந்தால் கோரிக்கை ஃபைல்சிஸ்டத்துக்குப் போகாமல் டிரைவர் கையில் போய்ச் சேரும். அந்த எண்ணுக்கு டிரைவரிடம் வேறு அர்த்தம் இருந்தால் வம்புதான். அதனால் சிஹெச்அட்டர் சாதாரண ஃபைலையும் ஃபோல்டரையும் தவிர மற்றதை ஏற்றுக்கொள்வதில்லை.

எக்ஸ்எஃப்எஸ்ஸில் ப்ராஜெக்ட் வாரியாக இடம் ஒதுக்குகிறவர்களுக்கு இது நெடுநாள் தலைவலியாக இருந்தது. ஃபோல்டருக்குள் இருக்கும் பைப்புக்கும் லிங்க்குக்கும் ப்ராஜெக்ட் எண்ணைப் போட வழியில்லாமல் இருந்தது. 2025-இல் வந்த லினக்ஸ் 6.17-தான் ஃபைல் கெட்அட்டர், ஃபைல் செட்அட்டர் என்று இரண்டு புது சிஸ்டம் கால்களைத் தந்தது. ஃபைலைத் திறக்க வேண்டாம், பாதையைச் சொன்னால் போதும். லிங்க்கைத் தாண்டிப் போகாதே என்றும் சொல்லலாம்.

இப்பல்லாம் நான் சூடோ அடிக்கும் முன் எல்எஸ் மைனஸ் எல் போட்டு முதல் எழுத்தைப் பார்ப்பேன். ஹைஃபன்னா சாதா ஃபைல், டின்னா ஃபோல்டர், எல்னா லிங்க். ஹைஃபன் இல்லைன்னா, எதை மாற்றப் போறோம்னு ஒரு நிமிஷம் யோசிங்க. எனக்குப் போன ராத்திரித் தூக்கம் உங்களுக்காவது மிஞ்சட்டும்!