ஒரே பாட்டு, இத்தனை சண்டை ஏன்? ஹேண்டலின் சோகப் பாடலும் அதைக் கேட்பவர்களும்

டிசம்பர் வந்துவிட்டால் 'ஹல்லேலூயா' கோரஸ் எப்படியாவது உங்கள் காதில் விழுந்துவிடும். கடைத்தொகுதி, விளம்பரம், பள்ளிப் பாடகர் குழு... தப்பிக்கவே முடியாது. அந்த கோரஸ் இடம்பெறும் முழுப் படைப்பின் பெயர் 'மெசையா'. எழுதியவர் ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஹேண்டல். முழுதாகக் கேட்டால் சுமார் இரண்டரை மணி நேரம் ஆகும்.

அதன் இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் ஒரு மெதுவான தனிப்பாடல் வருகிறது. பெயர், 'ஹீ வாஸ் டிஸ்பைஸ்ட்'. 'ஹல்லேலூயா' பற்றி யாரும் அதிகம் சண்டை போடுவதில்லை. எழுந்து நின்று கேட்பதா, உட்கார்ந்து கேட்பதா என்பதோடு அது முடிந்துவிடும். ஆனால் இந்தப் பாட்டு அப்படியில்லை. ஒருவருக்குக் கண்ணீர் வரவழைக்கும் பதிவு இன்னொருவருக்குத் தூக்கம் வரவழைக்கிறது. ஒருவர் 'தெய்வீகம்' என்று சொல்லும் குரலை மற்றவர் 'ஒப்பாரி' என்கிறார். இத்தனைக்கும் எல்லாரும் கேட்பது அதே சுரங்கள், அதே சொற்கள்தான்.

அப்படியென்றால் எதற்காக இந்தச் சண்டை?

மறைய இடமில்லாத பாட்டு

முதலில் ஒரு சின்ன அறிமுகம். ஒராட்டோரியோ என்பது பாட்டாலேயே கதை சொல்லும் பெரிய படைப்பு. கதை பெரும்பாலும் பைபிளிலிருந்து வரும். ஓப்பராவைப் போல வேடமோ மேடை அலங்காரமோ நடிப்போ கிடையாது. பாடகர் நின்ற இடத்தில் நின்று பாடுவார், அவ்வளவுதான். அதில் வரும் தனிப்பாடலை ஆரியா என்பார்கள்.

இந்த ஆரியாவின் பொருள், மனிதர்களால் வெறுக்கப்பட்டு ஒதுக்கப்பட்ட ஒருவரின் துயரம். கிறிஸ்துவைப் பற்றியது. சொற்களைத் தொகுத்துக் கொடுத்தவர் சார்ல்ஸ் ஜெனன்ஸ். பைபிளில் ஏசாயா நூலின் இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து வரிகளை எடுத்து அவர் ஒட்டினார். ஒட்டும்போது ஒரு சிறிய மாற்றமும் செய்தார். இரண்டாவது இடத்தில் மூலநூல் 'நான்' என்று பேசுகிறது. ஜெனன்ஸ் அதை 'அவர்' என்று மாற்றிவிட்டார். அதனால் பாடுபவர் அடிபட்டவர் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் சாட்சி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இசையைக் கேட்டால் முதலில் ஒரு குழப்பம் வரலாம். சோகப் பாட்டு என்றார்களே, இதில் சோகம் எங்கே? மேற்கத்திய இசையில் துயரத்துக்கு மைனர் சுரவரிசையைப் பயன்படுத்துவது வழக்கம். ஹேண்டலோ இதை ஈ ஃப்ளாட் மேஜரில் எழுதினார். மேஜர் பொதுவாக மகிழ்ச்சிக்கும் கம்பீரத்துக்கும் உரியது. அதனால்தான் சிலருக்கு இந்தப் பாட்டு அமைதியான தாலாட்டு போலக் கேட்கிறது. வேறு சிலருக்கோ, அழுது முடித்து கண்ணீர் வற்றிய பிறகு வரும் நிதானம் போலக் கேட்கிறது. முதல் கருத்து வேறுபாடு இங்கேயே ஆரம்பிக்கிறது, பாடகர் எதுவும் செய்வதற்கு முன்பே.

அடுத்தது, வரிகள் துண்டு துண்டாக உடைந்திருக்கும். பாடகர் ஒரு சொல் பாடுவார், நிறுத்துவார். தந்தி வாத்தியங்கள் மெல்லப் பதில் சொல்லும். மறுபடி ஒரு சொல். சில இடங்களில் குரல் எந்தத் துணையும் இல்லாமல் தனியாக நிற்கும். மறைந்துகொள்ள டிரம்பெட் இல்லை, முரசு இல்லை, கோரஸ் இல்லை. குரலில் என்ன இருக்கிறதோ அது அப்படியே கேட்கும். நடுக்கம், மூச்சு, ஆங்கில உச்சரிப்பு, கொஞ்சம் கூடுதல் நாடகம், எல்லாமே. ரசிகர்கள் இந்தப் பாட்டில் இவ்வளவு கறாராக இருப்பதற்கு இதுதான் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

வெட்டப்படும் நடுப்பகுதி

மிகச் சூடான வாக்குவாதம் இதைப் பற்றித்தான்.

ஆரியா மூன்று பகுதி கொண்டது. மெதுவான முதல் பகுதி, வேறு மனநிலையில் ஒரு நடுப்பகுதி, பிறகு மறுபடியும் முதல் பகுதி. இந்த அமைப்புக்கு டா கப்போ என்று பெயர். இத்தாலிய மொழியில் 'தொடக்கத்திலிருந்து' என்று அர்த்தம். நம் கீர்த்தனைகளில் சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்புவதை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும்.

நடுப்பகுதிக்கு வந்ததும் இசை சி மைனருக்குத் தாவுகிறது. அதுவரை மெல்லப் பேசிய தந்தி வாத்தியங்கள் திடீரென வெட்டி வெட்டி, விடாமல் ஒரே தாளத்தில் அடிக்க ஆரம்பிக்கின்றன. சொற்களோ சாட்டையடிக்கு முதுகைக் கொடுத்ததையும், முகத்தில் உமிழப்பட்டதையும் சொல்கின்றன. அடி விழும் சத்தம் வாத்தியத்திலேயே கேட்கும். அது முடிந்ததும் மறுபடி அந்த அமைதியான மேஜர்.

முழுதாகப் பாடினால் சுமார் 10 நிமிடம், மெதுவாகப் போனால் அதற்கும் மேல். ஏற்கெனவே நீண்ட கச்சேரியில் இது பெரிய துண்டு. அதனால் நீண்ட காலமாக நடுப்பகுதியையும் அதன் பிறகு திரும்பி வருவதையும் வெட்டிவிட்டு, முதல் பகுதியோடு நிறுத்துவது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. அப்படிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதுதான் பாட்டு. முழுப் பதிவைக் கேட்டால், 'முடிந்த பாட்டை எதற்கு மறுபடி ஆரம்பிக்கிறார்கள்?' என்று அலுத்துக்கொள்வார்கள்.

இதில் என் கட்சி எது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வெட்டக்கூடாது. காரணம், 'ஹேண்டல் எழுதினார், அதனால் பாடு' என்ற பிடிவாதம் இல்லை. நடுப்பகுதி இல்லாவிட்டால் அது வெறும் சோகமான, அழகான பாட்டு. ஒருவர் ஒதுக்கப்பட்டார் என்று கேட்கிறோம், அவருக்கு என்ன செய்தார்கள் என்று கேட்பதில்லை. அடிகளைக் கேட்ட பிறகு அதே முதல் வரிகள் திரும்பும்போது, அதே சுரங்கள்தான், ஆனால் அவை வேறு மாதிரி விழுகின்றன. சாட்சி இப்போது எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். 'அவர்' என்று ஜெனன்ஸ் மாற்றியது இங்கேதான் வேலை செய்கிறது.

யார் பாடணும்?

ஆழ்ந்த பெண்குரலா, கவுண்டர்டெனர் எனப்படும் மேல்தாயியில் பாடும் ஆண்குரலா? இந்தக் கேள்வி வந்தால் நட்பே முறியும் சில இடங்களில்.

முதன்முதலில் பாடியவரைப் பார்ப்போம். 1742 ஏப்ரல் 13, அயர்லந்தின் டப்ளின் நகரம். அன்று இந்த ஆரியாவைப் பாடியவர் சுசானா சிபர். அவர் பெரிய பாடகி இல்லை, அடிப்படையில் நாடக நடிகை. இங்கிலாந்தில் அவர் பெயர் நாறிப்போயிருந்த நேரம் அது. அவருடைய கணவர் தியோஃபிலஸ் சிபர், மனைவிக்கு இன்னொருவரோடு தொடர்பு என்று 1738இல் அந்த ஆள்மீது வழக்குத் தொடுத்தார். கேட்ட இழப்பீடு 5,000 பவுண்ட். அந்த உறவுக்குக் கணவரே துணைபோனவர் என்று தெரியவந்ததால் கிடைத்தது வெறும் 10 பவுண்ட். ஆனால் மானம் போனது சுசானாவுக்குத்தான். நீதிமன்றத்தில் பேசப்பட்ட அந்தரங்க விவரங்கள் அச்சாகி விற்பனைக்கே வந்தன.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஊரே பேசித் தீர்த்த ஒரு பெண், ஊர் ஒதுக்கிய ஒருவரைப் பற்றி, கிட்டத்தட்ட வாத்தியமே இல்லாமல், 700 பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த மண்டபத்தில் பாடுகிறார். (இடம் போதாது என்பதால் ஆண்கள் வாள் இல்லாமலும், பெண்கள் பாவாடைக்குள் வளையம் வைக்காமலும் வரும்படி கேட்டுக்கொண்டார்கள்.) அங்கிருந்த டிலேனி என்ற பாதிரியார், இந்தப் பாட்டுக்காகவே உன் பாவமெல்லாம் மன்னிக்கப்படட்டும் என்ற பொருளில் உரக்கச் சொன்னதாக ஒரு கதை வழிவழியாக வருகிறது. அவர் நிஜமாகவே அப்படிக் கத்தினாரோ என்னவோ, கதை நிலைத்துவிட்டது.

இசை வரலாற்றாசிரியர் சார்ல்ஸ் பர்னி அவர் குரலை நூலிழை என்றுதான் வர்ணித்தார். இசை ஞானமும் அதிகம் இல்லையாம். ஆனால் சொற்களைப் புரிந்து பாடியதால் நெஞ்சைத் தொட்டார் என்றும் அவரே எழுதினார். ஆகவே 'இதற்குக் கனமான, செழுமையான குரல்தான் வேண்டும்' என்பவர்களுக்கு முதல் கச்சேரி சாதகமாக இல்லை.

அதற்காக 'பெண்குரல்தான் சரி' என்றும் தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஹேண்டல் கையில் கிடைத்த பாடகருக்கு ஏற்ப 'மெசையா'வைத் திரும்பத் திரும்ப மாற்றியவர். 1750இல் குவாடாக்னி என்ற இத்தாலிய காஸ்ட்ராட்டோ பாடகர் கிடைத்தபோது, அவருக்காக வேறொரு ஆரியாவையே புதிதாக எழுதிக் கொடுத்தார். ஒரே ஒரு 'சரியான' குரல் அவர் மனத்திலேயே இருந்ததாகத் தெரியவில்லை.

20ஆம் நூற்றாண்டில் பலருக்கு இந்தப் பாட்டு என்றால் கேத்லீன் ஃபெரியர்தான். இங்கிலாந்தின் லங்காஷியரில் பிறந்தவர். தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்து, பிறகு பாடகியானவர். 1952 அக்டோபரில் ஏட்ரியன் போல்ட் நடத்திய லண்டன் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவோடு இதைப் பதிவு செய்தார். அப்போதே அவருக்குப் புற்றுநோய். ஓராண்டில் 41 வயதில் இறந்தார். அதோடு முடியவில்லை. 1960இல் ஸ்டீரியோ ஒலி பிரபலமானதும், அதே போல்ட், அதே இசைக்குழு, மறைந்த பாடகியின் பழைய குரலைக் கேட்டபடி அதன்மேல் வாத்தியங்களைப் புதிதாக வாசித்துப் பதிவு செய்தார்கள்.

இந்தப் பதிவை மெதுவானது, பழைய பாணி, அதிர்வு அதிகம் என்று குறை சொல்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அதை நேசிப்பவர்களிடம் சொல்லிப் பாருங்க, அவர்கள் மசியமாட்டார்கள். அவர்கள் கேட்பது ஹேண்டலை மட்டும் இல்லை, சாகப்போகும் ஒரு பெண்ணின் குரலையும் சேர்த்துத்தான். அந்த விவரம் தெரியாமல் கேட்டால் பாட்டு அதே அளவு உருக்குமா? நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. தெரிந்த பிறகு தெரியாததுபோல் கேட்க யாராலும் முடியாது என்பதுதான் சிக்கல்.

வேகம், நடுக்கம், அலங்காரம்

ஹேண்டல் 1759இல் இறந்தார். அதன் பிறகு 'மெசையா' ஊதிக்கொண்டே போனது. 1784இல் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் 500க்கும் மேற்பட்ட கலைஞர்கள் அதை நிகழ்த்தினார்கள். 1789இல் மோட்சார்ட் கூடுதல் காற்று வாத்தியங்கள் சேர்த்து மாற்றி எழுதினார். 1959இல் தாமஸ் பீச்சம் பதிவு செய்தபோது சிம்பல்கூட வந்துவிட்டது. கூட்டம் பெருத்தால் வேகம் குறையும், அதுதான் நடைமுறை.

பிறகு எதிர்த்திசையில் ஓர் அலை. 1980இல் வெளிவந்த கிறிஸ்டஃபர் ஹாக்வுட்டின் பதிவு அதற்கு நல்ல உதாரணம். ஹேண்டல் காலத்து வாத்தியங்கள், நரம்புத் தந்திகள், சின்னக் குழு, இன்றைய சுருதியைவிட ஏறக்குறைய அரைச்சுரம் தாழ்ந்த சுருதி. கேரலின் வாட்கின்சன் ஆல்டோ ஆரியாக்களைப் பாடினார், குரலில் அதிர்வு மிகக் குறைவு. 'இதுதான் சுத்தம்' என்றார்கள் பலர். 'உணர்ச்சியே இல்லையே' என்றார்கள் மற்றவர்கள். பழைய பாணியில் ஊறிய காதுக்கு அதிர்வு இல்லாத குரல் வெறுமையாகத்தான் கேட்கும், புதிய பாணியில் பழகிய காதுக்கு ஃபெரியரின் காலத்துக் குரல்கள் கனமாகத்தான் கேட்கும்.

அலங்காரம் இன்னொரு தலைவலி. டா கப்போவில் முதல் பகுதி திரும்பும்போது பாடகர் கொஞ்சம் சங்கதி போடுவது அந்தக் கால வழக்கம். மற்ற ஆரியாக்களில் எனக்கு அது பிடிக்கும். இதில் அளவு தாண்டினால், சாட்சி சொல்ல வந்தவர் தன் தொண்டையைக் காட்ட ஆரம்பித்துவிட்டார் என்றுதான் தோன்றுகிறது. நாலைந்து சுரம் போதும். வேறு காது இதற்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

நீங்களே கேட்டுப் பார்க்க விரும்பினால், ஃபெரியரிலிருந்து தொடங்குங்கள், அடுத்து ஹாக்வுட், அதற்குப் பிறகு ஏதாவது ஒரு கவுண்டர்டெனர் பதிவு. ஒரே நாளில் வேண்டாம், காது சோர்ந்துவிடும். நடுப்பகுதி இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். பாட்டு முடிந்ததும் உடனே நிறுத்தவும் வேண்டாம். அடுத்த நொடியே ஒரு கோரஸ் வந்து மோதும், அதுவரை தனியாக நின்ற குரலுக்குப் பதில் சொல்வது அதுதான்.