மழைக்குத் தக்க தவணை

காவிரிப் படுகையின் கடைமடையில், திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரணியத்துக்கும் இடைப்பட்ட கிராமங்களில் வாழ்வோருக்குப் பருவம் பிறழ்வது என்பது பத்திரிகை படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய சமாசாரமன்று. 2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்து, அடுத்த ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையுமே வறட்சிப் பிரதேசமாக அரசாங்கம் அறிவிக்க நேர்ந்ததையும், அந்த நஷ்டத்திலிருந்து நிமிரும் முன்பே 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடிவதற்குள் கஜா புயல் வேதாரணியத்தருகே கரை கடந்து, ஆண்டுக்கணக்காக வளர்த்த தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டதையும் அவர்கள் கண்ணாரக் கண்டவர்கள். இப்படிப்பட்ட பூமியில், படித்த இளைஞர் ஒருவர் திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ புறப்படாமல் சொந்த ஊரிலேயே தொழில் தொடங்க முற்படுவாரானால், அவருக்குத் துணை நிற்பது சமுதாயத்தின் கடமை என்றே நான் கருதுகிறேன்.

அங்கே அதற்கான தொழில் இல்லாமலும் இல்லை. வெள்ளம் நின்றாலும் தலைநீட்டி வளரும் காட்டுயானம், உவர் நிலத்தையும் வறட்சியையும் தாங்கும் குழியடிச்சான் முதலிய பழைய நெல் வகைகளைத் தேடித் திரட்டி மீட்ட ஆதிரங்கம் நெல் ஜெயராமன், 2006 முதல் நடத்திவந்த நெல் திருவிழாவில், விவசாயிக்கு 2 கிலோ விதை கொடுத்து, மறு ஆண்டு அதை 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்ற ஒரே நிபந்தனையை விதித்தார். கஜா அடித்த அடுத்த மாதமே, 2018 டிசம்பரில், அவர் காலமானார்; விதைகள் நிலைத்துவிட்டன.

ஆனால் விதை நிலைத்தால் போதுமா? சிவப்பரிசி தரும் இந்தப் பழைய நெல்லில் பத்து மூட்டை கொண்டுபோனால், பெரிய அரவை ஆலைகள் அதைத் தனியாக அரைத்துத் தர இசைவதில்லை. இசைந்தாலும் முன்னே ஓடிய வெள்ளை அரிசி அதனோடு கலந்துவிடும். அறுவடைச் சமயத்தில் மழை பிடித்தாலோ, 17 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் உள்ள நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள் என்று களத்தில் தார்ப்பாயை மூடுவதும் திறப்பதுமாகவே நாட்கள் கழியும். இந்த இடத்தில்தான் சிற்றாலையும், உலர்த்தும் யந்திரமும், அவல் இடிக்கும் கூடமும் வைத்து நடத்தும் ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ ஊருக்கு உபகாரமும் தமக்கு ஜீவனமும் ஒருங்கே தேடிக்கொள்ள முடியும். பருவநிலையின் சீற்றத்தைத் தாங்கும் வியாபாரம் என்பது புதுமையான கருவிகளில் இல்லை. தாங்கும் பயிரை விளைவிக்கும் விவசாயிக்கு நம்பத்தக்க சந்தையை அருகிலேயே அமைத்துக் கொடுப்பதில் இருக்கிறது.

மூலதனத்துக்கு வழியே இல்லை என்று சொல்வதும் நியாயமன்று. சிறு உணவுத் தொழில்களுக்காக மத்திய அரசு 2020-இல் தொடங்கிய திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் வகுக்கப்பட்டது; முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கென்று மாநில அரசு நடத்தும் திட்டத்தில் பயிற்சியும் மானியமும் கிடைக்கின்றன. குறை வேறிடத்தில் இருக்கிறது. யந்திரத்துக்கு வாங்கிய கடனுக்கு மாதந்தோறும் தவணை விழுகிறது. நெல்லோ சம்பா அறுவடைக்குப் பின்னேதான் ஆலைக்கு வருகிறது. வயல் மூழ்கினால் விவசாயிக்குப் பயிர்க் காப்பீடு என்ற சிறு ஆறுதலேனும் உண்டு. அவர் நெல்லை எதிர்பார்த்து ஆலை வைத்தவருக்கு அந்தக் காப்பீட்டில் இடமில்லை. சாமர்த்தியமும் உழைப்பும் நிரம்பிய ஒருவர், பிரகிருதி செய்த குற்றத்துக்காக, கடனைத் தீர்க்காதவர் என்ற அபவாதத்தைச் சுமந்து ஊரைவிட்டு வெளியேறும் நிர்ப்பந்தம் இவ்விதமே உண்டாகிறது.

இதற்குப் பரிகாரம் அரிதானதன்று. பயிர்க் கடனை அறுவடைக்குப் பிறகு வசூலிப்பது கூட்டுறவுச் சங்கங்களுக்கு வெகுகாலப் பழக்கம். ஜெயராமன் விதைக்கு விதை கேட்டதும் அந்த நியாயத்தை அனுசரித்தே. வயலுக்குப் பொருந்தும் தவணை, அந்த வயலை நம்பி நிற்கும் ஆலைக்கு மட்டும் பொருந்தாமற் போவதற்குக் காரணம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை. ஆகவே டெல்டா மாவட்டங்களின் கூட்டுறவு வங்கிகளிலேனும், கிராம இளைஞர்களின் தொழிற்கடன் தவணைகளை அறுவடை மாதங்களில் அமைத்தும், பேரிடர் அறிவிக்கப்பட்ட ஆண்டில் அபராத வட்டியின்றி வசூலை ஒத்திவைத்தும், அவர்களது சரக்குக்கும் யந்திரத்துக்கும் காப்பீடு செய்தும் உதவும்படியான உத்தரவு ஒன்றை அரசாங்கம் அடுத்த சம்பா நடவுக்கு முன்பாகவே பிறப்பிக்க வேண்டும்.