மாத்திரைக்கும் வராத உறக்கம்

“மாத்திரை போட்டும் தூக்கம் வரவில்லை, டாக்டர்.” இதைச் சொல்ல வருபவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு சிறு பையோடு வருகிறார்கள். அதற்குள் பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள் இருக்கும்: அல்பிரசோலம், குளோனசெபாம், சோல்பிடெம், சிலரிடம் மூன்றும். அவர்கள் எதிர்பார்ப்பது இவற்றைவிட வலுவான இன்னொன்றை. எழுதித் தருவது எளிது. ஆனால் சில வாரங்களில் அந்த அட்டையும் அதே பைக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

உறங்குவதற்கு நேரமும் இடமும் இருந்தும், வாரத்தில் 3 இரவுகளாவது உறக்கம் வராமலோ இடையில் கலைந்தோ போய், அதனால் பகற்பொழுதும் பாதிக்கப்பட்டு, இந்நிலை 3 மாதங்களுக்கு மேல் நீடித்தால் அதை நாட்பட்ட தூக்கமின்மை என்கிறோம். இதில் நோயாளிகள் அறிய வேண்டிய முதல் உண்மை, அது தொடங்கிய காரணம் வேறு, நீடிக்கும் காரணம் வேறு என்பதுதான்.

பலருடைய அனுபவங்களைச் சேர்த்து ஒருவராகச் சொல்கிறேன். வயது 61, ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவருக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்த மாதத்தில் உறக்கம் போயிற்று. கணவர் தேறி, காலையில் நடைப்பயிற்சிக்கும் செல்லத் தொடங்கிவிட்டார். இவருக்கு உறக்கம் மட்டும் திரும்பவில்லை. அரை மாத்திரை ஒன்றாயிற்று. பிறகு இரண்டாவது மருந்தும் சேர்ந்தது. “எப்போதாவது கண் அசரும், அதைத் தவறவிடக் கூடாது” என்று இரவு 9 மணிக்கே படுத்துவிடுவார்; காலை 6.30 வரை எழமாட்டார். மதியம் அரை மணி நேரம் சாய்ந்துகொள்வதும் உண்டு. இரண்டு வாரம் குறிப்பேட்டில் எழுதச் சொன்னபோது கணக்கு தெளிவாயிற்று. கட்டிலில் இருந்தது ஒன்பதரை மணி நேரம். உறங்கியது ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம். மீதி நான்கு மணி நேரமும் இருட்டில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு புரண்டிருக்கிறார்.

அவர் செய்த எதுவும் மூடத்தனமன்று. உறக்கம் குறைந்தவர் படுக்கையில் கூடுதல் நேரம் இருப்பது இயல்பாகத் தோன்றும் தீர்வுதான். ஆனால் உடலின் கணக்கு வேறு. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்னும் வேதிப்பொருள் சேர்ந்து, உறக்கத்துக்கான அழுத்தத்தை ஏற்றுகிறது. பகலில் படுப்பதும், சீக்கிரமே படுத்துக்கொள்வதும், காலையில் எழுவதைத் தள்ளிப்போடுவதும் அந்த அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் கசியவிடுகின்றன. மாலைக் காப்பி வேறு வகையில் கெடுக்கிறது; அதிலுள்ள காஃபீன் அடினோசினின் இடத்தை அடைத்துக்கொள்கிறது, பாதியளவு வெளியேறவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். இன்னொன்றும் நிகழ்கிறது. இரவு தோறும் கட்டிலில் கவலையோடு விழித்துக் கிடப்பவரின் மூளை, கட்டில் என்றால் விழிப்பு என்று பழகிக்கொள்கிறது. கூடத்து நாற்காலியில் தலை தொங்க உறங்கியவர், கட்டிலுக்குப் போனதும் பளிச்சென்று விழித்துக்கொள்வது இதனால்தான்.

மாத்திரை இந்த இரண்டையும் தொடுவதில்லை. அது மூளையின் விழிப்பைச் சற்றுத் தணிக்கிறது, அவ்வளவே. நாளடைவில் மூளை அதற்கும் பழகிவிடுகிறது. பிறகு ஓர் இரவு மாத்திரையை நிறுத்திப் பார்த்தால், பழைய நிலையைவிட மோசமாக உறக்கம் கெடும். “பார்த்தீர்களா, மாத்திரை இல்லாமல் என்னால் முடியாது” என்று நோயாளி முடிவு செய்துவிடுவார். அந்த இரவு காட்டுவது பெரும்பாலும் மருந்தை விலக்கியதன் விளைவையே.

தூக்கமின்மைக்கான அறிவுசார் நடத்தைச் சிகிச்சை இந்த இடத்தில் உதவுகிறது. நாட்பட்ட தூக்கமின்மை கொண்ட பெரியவர்களுக்கு மருந்துக்கு முன்னதாக இதையே முதற்சிகிச்சையாகத் தர வேண்டும் என்று அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது. பெயரைக் கேட்டு யாரோ அறிவுரை கூறப்போகிறார்கள் என்று எண்ண வேண்டாம். இதன் வலுவான இரண்டு பகுதிகள் பேச்சைவிடக் கடிகாரத்தைச் சார்ந்தவை. 1972இல் ரிச்சர்ட் பூட்ஸின் வகுத்த முறைப்படி, உறக்கம் கண்ணை அழுத்தினால் மட்டுமே படுக்க வேண்டும். 20 நிமிடம் போல் ஆகியும் வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் மங்கிய வெளிச்சத்தில் அமர வேண்டும். மீண்டும் அழுத்தும்போது திரும்ப வேண்டும். 20 நிமிடத்தைக் கடிகாரம் பார்த்து அளக்கக் கூடாது, உத்தேசமே போதும். 1987இல் ஆர்தர் ஸ்பீல்மனும் குழுவினரும் விவரித்த இரண்டாம் முறை, கட்டிலில் இருக்கும் நேரத்தையே குறைப்பது.

ஆசிரியைக்கு அளித்த நேரம் இரவு 12 முதல் காலை 5.30 வரை, அதாவது அவர் உண்மையில் உறங்கிய அளவு. “இருக்கிற தூக்கத்தையும் பறிக்கிறீர்களே” என்றார். அப்படித்தான் தோன்றும். முதல் பத்து நாட்கள் கடினமானவை. பகலில் அசதியும் எரிச்சலும் கூடும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் நான்காம் நாள் பலர் விட்டுவிடுகிறார்கள். 9 முதல் 12 வரை என்ன செய்வது என்பதே அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. தொலைக்காட்சி முன் அமர்ந்தால் கண் சொக்கியது. அதனால் மறுநாளைக்குக் கீரை ஆய்ந்தார், துணி மடித்தார். மூன்றாம் வாரத்தில் படுத்த சில நிமிடங்களில் உறங்கினார். கட்டிலில் இருக்கும் நேரத்தில் 85 முதல் 90 விழுக்காடு உறக்கமாக அமைந்த பிறகே, வாரத்துக்கு 15 நிமிடம் எனக் கூட்டினோம். இரண்டு மாத முடிவில் 11.15க்குப் படுத்து 5.30க்கு எழுந்தார். உறக்கம் ஏறத்தாழ ஐந்தே முக்கால் மணி நேரம். கூடியது கால் மணி நேரம்தான். ஆனால் உடையாத உறக்கம், நடுவில் அந்த நான்கு மணி நேரப் போராட்டம் இல்லை. எட்டு மணி நேரம் உறங்கியே தீர வேண்டும் என்ற விதியை அவர் எங்கிருந்து பெற்றார் என்று கேட்டேன். பள்ளியில் பாடம் நடத்தியதாகச் சொல்லிச் சிரித்தார்.

இதை அனைவரும் தாமாகவே தொடங்கிவிடக் கூடாது. வலிப்பு நோய், இருமுனைக் கோளாறு, தூக்கத்தில் நடக்கும் பழக்கம் உடையவர்களுக்கு உறக்கக் குறைப்பு தீங்கு செய்யலாம். வாகனமோ இயந்திரமோ இயக்குபவர்கள் முதல் வாரங்களில் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். கட்டில் நேரத்தை 5 மணி நேரத்துக்குக் கீழே குறைப்பதில்லை. தள்ளாடும் முதியவர்களுக்கு இன்னும் மென்மையாகவே செய்வோம். தொடங்கும் முன் வேறு காரணங்களையும் பார்க்க வேண்டும். உரத்த குறட்டையும் இடையிடையே மூச்சு நிற்பதும் இருந்தால் அது மூச்சுத்தடை நோயாகலாம். தூக்க மாத்திரை அதை மோசமாக்கக்கூடும். இரவில் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றினால் இரும்புச்சத்தைச் சோதிக்கிறோம். மாலையில் உட்கொள்ளும் ஸ்டீராய்டு, சிறுநீர் பிரிக்கும் மாத்திரை ஆகியவற்றை, மருத்துவரைக் கேட்டு, காலைக்கு மாற்றினாலே சிலருக்குச் சரியாகிவிடும்.

பழைய மாத்திரையை என்ன செய்வது? நீண்ட நாள் உட்கொண்டதை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். குறிப்பாக அல்பிரசோலம், குளோனசெபாம் வகைகளைத் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். உறக்கம் ஓரளவு நிலைப்பட்ட பின், மருத்துவர் மேற்பார்வையில், வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், சிறு சிறு அளவாகக் குறைப்போம். அதுவரை மதுவோடு சேர்த்து உட்கொள்வது ஆபத்தானது.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். காலையில் முதல் கேள்வியாக “ராத்திரி தூங்கினீர்களா?” என்று கேட்காதீர்கள். அன்போடு கேட்பதுதான், ஆயினும் ஒவ்வோர் இரவையும் தேர்வாக்கிவிடுகிறது. இரவு 10 மணிக்கு அவர் நாற்காலியில் சாய்ந்தால் மெல்லப் பேச்சுக் கொடுத்து எழுப்புங்கள். காலையில் குறித்த நேரத்தில், விடுமுறை நாளிலும், எழுப்பிவிடுங்கள். உறக்கமின்மையோடு வாழ்வே வேண்டாம் என்னும் பேச்சு வந்தால் அடுத்த சந்திப்புக்காகக் காத்திராமல் உடனே அழைத்து வாருங்கள். எந்நேரமும் இயங்கும் டெலி மானஸ் உதவி எண் 14416.

முதன்முறை வரும்போது இரண்டு வாரக் குறிப்பேடு கொண்டுவந்தால் பாதி வேலை முடிந்துவிடும். படுத்த நேரம், உத்தேசமாக உறங்கிய நேரம், விழித்த முறைகள், எழுந்த நேரம், காப்பி தேநீர், மாத்திரை ஆகியவற்றைக் காலையில் எழுதினால் போதும். இரவில் எழுத வேண்டாம். அந்த மாத்திரைப் பையையும் மறவாமல் எடுத்து வாருங்கள்.