மனு ரசீதில் தொடங்கும் நம்பிக்கை

1993இல் ராமநாதபுரம் மாவட்ட எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். ஊரில் நல்ல பெயர் எடுத்த ஆண்களும் பெண்களும் போலீஸுடன் ரோந்து போகலாம், திருவிழாக் கூட்டத்தைச் சமாளிக்க உதவலாம், ஊர்த் தகவல்களைச் சொல்லலாம். ஸ்டேஷன் வாசலை மிதிக்கவே தயங்கிய இளைஞர்களுக்கு அது பெரிய விஷயம். திட்டம் மாநிலம் முழுக்கப் பரவியது. காவல் பயிற்சியில் புதுமைக்காகப் பிரிட்டன் அரசியின் பெயரில் வழங்கப்பட்ட விருது 2002இல் அதற்குக் கிடைத்தது.

2020 ஜூலையில் தமிழக அரசு அதே அமைப்புக்குத் தடை விதித்தது. காரணம், சாத்தான்குளம். ஊரடங்கு நாளில் அந்த ஊர் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப்பட்ட, கைப்பேசிக் கடை நடத்திய தந்தையும் மகனும் சில நாட்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். இரவெல்லாம் அவர்கள் அடிக்கப்பட்டதாக சிபிஐ குற்றம்சாட்டியது. அமைப்பின் தன்னார்வலர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்று புகார் எழுந்தது.

அடையாள அட்டை கொடுத்து ஊர்க்காரர்களைப் போலீஸுக்குப் பக்கத்தில் கொண்டுவர முடிந்தது. ஸ்டேஷனுக்குள் நடப்பதைக் கேள்வி கேட்கும் உரிமையை அந்த அட்டை தரவில்லை.

ஸ்டேஷன் மீதான இந்த அச்சம் பழையது. சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் நடந்த கொடுமைகளை விசாரித்த கமிஷன் 1855இல் அறிக்கை தந்தது. விரல்களை நசுக்கும் கிட்டி, தலையைக் காலோடு சேர்த்துக் கட்டும் அண்ணாந்தாள் எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. வரி வசூலும் காவலும் ஒரே கையில் இருந்தது அன்றைய கேடு. 1859இல் தனிக் காவல் சட்டம் வந்தது. போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 25ஆவது பிரிவில் சொன்னது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்திலும் அது 23ஆவது பிரிவாகத் தொடர்கிறது. 150 ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டமே காவல் நிலையத்து வாக்குமூலத்தை நம்பவில்லை என்றால், சாமானியர் தயங்குவதில் வியப்பு என்ன?

போலீஸ் மக்களோடு கூட்டம் போட்டுப் பேசினால் தயக்கம் போய்விடுமா? பிரேசில், கொலம்பியா, லைபீரியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், உகாண்டா ஆகிய ஆறு நாடுகளில் இதைச் சோதித்தார்கள். ஊர்க்கூட்டம், வீடு தேடிப் போகும் ரோந்து எல்லாம் நடந்தன. 2021இல் 'சயின்ஸ்' இதழில் வந்த முடிவு: நம்பிக்கை கூடவில்லை, குற்றமும் குறையவில்லை. பழகிய அதிகாரிகள் மாற்றலாகிப் போனார்கள். மக்கள் சொன்ன குறைகளைத் தீர்க்க ஆளும் பணமும் ஒதுக்கப்படவில்லை. குறையைக் கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் போவது எவ்வளவு பெரிய ஏமாற்றம்!

அடுத்த ஆண்டு அதே இதழில் வந்த மத்தியப் பிரதேச ஆய்வு வேறு பாதையைக் காட்டியது. 180 காவல் நிலையங்களில் நடந்த அந்தச் சோதனையில், பெண்களுக்கான உதவி மேசை வைத்த நிலையங்களில் பெண்கள் தரும் புகார்கள் எஃப்.ஐ.ஆர். ஆவது கூடியது. மேசையில் பெண் அதிகாரி இருந்த இடங்களில் பலன் அதிகம். சென்னை ஆயிரம் விளக்கில் 1992இல் மாநிலத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையத்தைத் திறந்த தமிழகத்துக்கு இது புதிய சேதி அல்ல. ஆனாலும் இங்கே அவமானம் முதல் படியிலேயே தொடங்குகிறது. எழுதிக் கொண்டுவந்த மனுவை வாங்காமல் "நாளைக்கு வாங்க" என்பது, மனுவை வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது தராமல் அலைய விடுவது, இரு தரப்பையும் உட்காரவைத்துச் சமாதானம் பேசி அனுப்பிவிடுவது. பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். போடுவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இலேயே சொல்லிவிட்டது. எல்லைத் தகராறு சொல்லித் திருப்பி அனுப்பவும் இப்போது சட்டத்தில் இடமில்லை. எந்த ஸ்டேஷனிலும் புகார் தரலாம், எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

சாத்தான்குளத்தில் ஊரே கசந்து நின்ற நாட்களில், அதே நிலையத்தின் பெண் தலைமைக் காவலர் ஒருவர் தான் பார்த்ததை விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். மாஜிஸ்திரேட்டையே காவலர் ஒருவர் அவமதித்த இடம் அது. அங்கே நின்று உண்மை சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! காக்கிச் சட்டைமேல் இன்னும் மதிப்பு மிச்சமிருக்கிறது என்றால் இப்படிப்பட்டவர்களால்தான். அவர்களுக்குப் பாதுகாப்பும் பதவி உயர்வும் தருவது எந்த நல்லுறவு விழாவையும்விட அவசரமான வேலை.

சாத்தான்குளம் நிலையத்தில் கேமரா இருந்தது. பதிவு செய்யும் கருவியில் போதிய இடமும் இருந்தது. ஆனால் அன்றாடக் காட்சிகள் தானாக அழியும்படி அமைத்திருந்ததாக மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை தந்தார். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், லாக்கப், வராண்டா, வரவேற்பறை என எங்கும் ஒலியோடு பதிவாகும் கேமரா வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. கேமராக்கள் இயங்கவில்லை என்ற செய்தி கண்டு 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. எத்தனை ஸ்டேஷன்களில் கேமரா ஓடுகிறது, எத்தனை மாதப் பதிவு கையில் இருக்கிறது, போன மாதம் வாங்கிய மனுக்களில் எத்தனை எஃப்.ஐ.ஆர். ஆயின என்ற கணக்கை ஒவ்வொரு எஸ்.பி. அலுவலகமும் மாதந்தோறும் வாசலிலேயே ஒட்டட்டும்.